சுண்ணாம்பு ஆலையா, கோரைக் குளமா: சுரங்க நீருக்கு எது சரி?

ஆழச் சுரங்கத்திலிருந்து அப்போதுதான் எடுத்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், பல நேரம் குறையே தெரியாது. அதில் சுண்ணாம்புப் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு பச்சையும் நீலமும் கலந்த பஞ்சுத் திரள்கள் மிதக்கத் தொடங்கும். காற்றுப் பட்டதும் துருநிறம் மேலிருந்து கீழே பரவும். இவ்வளவு நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பு அது. இந்தக் குவளையில் நடப்பதை ஒரு மலையளவு நீருக்கு, பல தலைமுறைக்கு யார் செய்துகொண்டிருப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தை உடைத்துக் காற்றிலும் நீரிலும் போட்டால் கந்தக அமிலம் பிறக்கிறது. சில பாக்டீரியாக்கள் அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. அமிலம் பாறையிலுள்ள செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து இழுத்துவருகிறது. சுரங்கத்தை மூடிப் பூட்டுப் போட்டாலும் இது நிற்காது. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) மைனஸ் 3.6 என்று பதிவாகியிருக்கிறது. பூஜ்ஜியத்துக்கும் கீழே!

இதற்கு முதல் வழி சுண்ணாம்பு ஆலை. நீரில் சுண்ணாம்பு கலந்து, காற்று ஊதி, உலோகங்களைத் திரளாக்கிக் கீழே படியவைப்பார்கள். இதன் பெரிய பலம் பிடி நம் கையில் இருப்பது. மழையில் நீர் இரட்டிப்பானால் சுண்ணாம்பையும் கூட்டலாம். மாங்கனீசு போன்ற பிடிவாதமான உலோகம் இருந்தால் பி.எச். அளவை 9-க்கு மேல் ஏற்றலாம். எவ்வளவு கொடிய நீரானாலும் ஆலை அசராது.

ஆனால் கசடு சேரும். ஆலையை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பின் விலையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் கசட்டைத்தான் பார்ப்பேன். சாதாரண முறையில் வரும் கசட்டில் திடப்பொருள் 1 முதல் 5 சதவீதம்தான், மீதி முழுவதும் நீர். 2 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிலோ திடப்பொருளை அப்புறப்படுத்த 50 கிலோ சேற்றைச் சுமக்க வேண்டும். அடர் கசடு முறையில், படிந்த கசட்டின் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துச் சுண்ணாம்போடு கலந்து மீண்டும் ஆலையின் தொடக்கத்துக்கே அனுப்புகிறார்கள். புதிய துகள் பழைய துகளின் மேலேயே வளர்ந்து கெட்டியாகிறது. திடப்பொருள் 20 முதல் 30 சதவீதம்வரை ஏறும். 25 சதவீதம் என்று வைத்தால், அதே ஒரு கிலோவுக்கு 4 கிலோ சேறு போதும். புதிதாக ஆலை கட்டுகிறவர் இதை விட்டுவிட்டுப் பழைய முறைக்குப் போவதற்கு நியாயமே இல்லை.

இரண்டாவது வழி, இயற்கையையே வேலை வாங்குவது. கோரையும் சம்பும் வளர்ந்த ஆழமற்ற குளங்கள், சுண்ணாம்புக்கல் நிரப்பிய வாய்க்கால்கள், மட்கிய எருவும் மரச்சில்லும் நிரப்பிய தொட்டிகள். தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலத்திலிருந்து வரும் சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்ற, உலோகங்கள் அதோடு சேர்ந்து படிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், தினமும் லாரி வர வேண்டாம். கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு, சாலை போகாத மலைக்கு இது பெரிய வரம்.

இதைப் ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. திறந்த வாய்க்காலில் சில காலம் கிடந்த சுண்ணாம்புக்கல் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே செங்காவிப் பூச்சு, உள்ளே வெள்ளைக் கல் பெரும்பாலும் கரையாமல் அப்படியே இருக்கும். இரும்புத் துரு கவசம்போல் மூடிவிட்டதால் கல் இருந்தும் பயன் குறைந்துபோகிறது. காற்றுப் புகாமல் மண்ணுக்கடியில் கல்லைப் புதைத்தால் இதைத் தடுக்கலாம். அதற்கும் வரும் நீரில் ஆக்சிஜனும் அலுமினியமும் மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். எருத் தொட்டியின் உணவும் ஒருநாள் தீரும், குளிர்காலத்தில் பாக்டீரியாக்களும் மந்தமாகும்.

இடக் கணக்கும் உண்டு. அமிலம் அதிகமில்லாத நீரில், ஒரு சதுர மீட்டர் குளம் நாளொன்றுக்கு 10 முதல் 20 கிராம் இரும்பைப் பிடிக்கும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. வினாடிக்கு 10 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால் நாளொன்றுக்கு 43 கிலோ. குறைந்த அளவையே எடுத்தாலும் ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகமான குளம் போதும். வினாடிக்கு 200 லிட்டர், 200 மில்லிகிராம் என்று வைத்தால்? ஏறத்தாழ 85 ஏக்கர்! பள்ளத்தாக்கில் அவ்வளவு சமநிலம் எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள வீல் ஜேன் இரண்டு வழிகளையும் நேரில் கண்ட இடம். அந்த வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது, பம்புகள் நின்றன. 1992 ஜனவரியில் உள்ளே தேங்கிய நீர் அடைப்பை உடைத்துக்கொண்டு பாய, ஃபால் கழிமுகம் செம்மஞ்சளானது. பிறகு நாணல் படுகைகளும் பாக்டீரியாத் தொட்டிகளும் சோதனை அளவில் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டன. முழு நீருக்கும் 2000-இல் இயங்கத் தொடங்கியது சுண்ணாம்பு ஆலை. சோதனை வீணாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். சிறிய ஊற்றுகளுக்குக் குளம் கட்டுகிறவர்களுக்கு அங்கே கற்றது இன்றும் உதவுகிறது.

ஆர்.ஓ. சவ்வு முறை வேறு கணக்கு. சுண்ணாம்பால் முழுதும் நீக்க முடியாத சல்பேட்டையும் அது நீக்கும். தென் ஆப்பிரிக்காவின் எமலஹ்லேனியில் 2007 முதல் நிலக்கரிச் சுரங்க நீர் குடிநீராகிறது. செலவு அதிகம், மிஞ்சும் உப்புக்கரைசலுக்கும் வழி தேட வேண்டும். குடிநீருக்குத் தட்டுப்பாடு இல்லாத இடத்தில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அமிலமே பிறக்காமல் தடுப்பது இவை எல்லாவற்றையும்விட மேலானது. பைரைட் கழிவை நீருக்கடியில் வைத்தால் ஆக்சிஜன் எட்டாது. நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த நீரை ஓர் அணை தாங்கி நிற்க வேண்டும். 2014-இல் கனடாவின் மவுண்ட் போலி சுரங்கக் கழிவணை உடைந்தபின், இப்படி அணைக்குப் பின்னால் நீரைத் தேக்குவதைத் தவிர்க்கும்படி விசாரணைக் குழு பரிந்துரைத்தது. திறந்த குழிக்குள்ளேயே கழிவை மூழ்கடிக்க முடிந்தால் அது பாதுகாப்பு.

எதைத் தேர்ந்தாலும், குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க நீரை அளந்த பிறகே தேருங்கள். கோடையில் உலர்ந்த பாறைமேல் உப்பாகப் படிந்துகிடக்கும் அமிலமும் உலோகமும் முதல் பெருமழையில் ஒரே மூச்சில் கரைந்து இறங்கும். கோடையில் எடுத்த ஒரு குப்பி மாதிரியை நம்பி வெட்டிய குளம் அந்த ஒரு நாளைத் தாங்காது.