மார்பகப் புற்றுநோய் ஆதரவுக் குழு: எட்டு வாரங்கள் சென்று வந்த அனுபவம்

அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து, இனி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று மருத்துவர் சொன்ன நாளில்தான் நான் அழுதேன். அதுவரை அடுத்த ஊசி எப்போது, அடுத்த பரிசோதனை எப்போது என்ற கணக்கிலேயே நாட்கள் ஓடிவிட்டன. அது நின்றதும், நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த நிலையில்தான் ஒரு சிகிச்சை மையம் நடத்தும் இந்த ஆதரவுக் குழுவில் சேர்ந்தேன்.

வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம். எட்டுப் பெண்கள், ஓர் உளவியல் ஆலோசகர். முதல் நாள் 0 முதல் 10 வரையிலான மன உளைச்சல் அளவுகோலில் எங்கள் நிலையைக் குறிக்கச் சொன்னார்கள். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல் கவனிப்புத் தேவை என்பது கணக்கு. நான் 7 என்று குறித்தேன். அந்த வாரமே தனி ஆலோசனைக்கு நேரம் கொடுத்தார்கள்.

வீட்டில் பயத்தைச் சொன்னால் கேட்பவர்கள் கலங்கிப்போகிறார்கள், பிறகு அவர்களைத் தேற்றும் வேலையும் நம்மிடமே வந்துசேர்கிறது. குழுவில் அந்தச் சுமை இல்லை. மார்பகம் அகற்றப்பட்ட ஒருவர், விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுவதாகவும், கணவர் விலகிப் படுப்பதை அருவருப்பு என்றே எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லாமல், அதைக் கணவரிடமே கேட்க முடியுமா என்று மட்டும் கேட்டார். தழும்பில் கை பட்டால் வலிக்குமோ என்று கணவர் பயந்திருக்கிறார் என்பது அடுத்த வாரம் தெரியவந்தது. இந்த ஒரு உரையாடலுக்காகவே குழுவைப் பரிந்துரைப்பேன்.

நோய் பரவிய பெண்களுக்கு இத்தகைய குழுக்கள் ஆயுளைக் கூட்டக்கூடும் என்று 1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் ஆய்வு நம்பிக்கை அளித்தது; 2001இல் வந்த பெரிய ஆய்வில் அது உறுதிப்படவில்லை, ஆனால் மனத்துயரும் வலி உணர்வும் குறைந்திருந்தன. ஆலோசகர் இதை ஒளிக்காமல் சொன்னதால் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

பெரிய குறை ஒன்று உண்டு. சிகிச்சை முடித்தவர்களோடு, நோய் எலும்புக்குப் பரவிய ஒருவரையும் சேர்த்திருந்தார்கள். "எல்லாம் முடிந்தது" என்று நாங்கள் பேசும்போதெல்லாம் அவர் மௌனமாகிவிடுவார். நான்காம் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. இதை எழுதிக் கொடுத்தோம். அடுத்த சுற்றில் தனிக் குழு அமைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோய் பரவிய நிலையில் உள்ளவர்கள் தனிக் குழு உண்டா என்று கேட்டு உறுதிசெய்த பின்னரே சேர வேண்டுகிறேன்.