கூரையா, மேய்க்காலா: சூரிய மின்சாரத்துக்கு எந்த இடம்?

போன வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊருக்கு ஒரு கேள்வி வந்தது. ஊருக்கு வடக்கே கிடக்கும் 80 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கை, அதாவது ஆடுமாடு மேய்வதற்கென்று விட்ட பொது நிலத்தை, சூரிய மின் நிலையத்துக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா? விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. நான் வேண்டாம் என்று கை தூக்கினேன். அதற்கு நாலு மாதம் முன்னால்தான் என் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு மாட்டியிருந்தேன். "உன் மாடிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு நின்ற நிலையில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இப்போது சட்டமன்றத் தேர்தல் நேரம், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் இதையே பேச வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சூரிய மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புகை இல்லை, எரிபொருள் செலவு இல்லை. பகலில் கிடைக்கும், ராத்திரி கிடைக்காது. இந்த விஷயங்களில் கூரைக்கும் மேய்க்காலுக்கும் வித்தியாசமே கிடையாது. வித்தியாசமெல்லாம் தகடு எங்கே உட்காருகிறது என்பதில்தான்.

முதலில் என் கூரை. மொத்தச் செலவு இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அது வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. சுமார் 300 சதுர அடி இடம் போனது. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை வருகிறது. முன்பு இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டிக்கொண்டிருந்தோம். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். இப்போது அந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறோம். குறையையும் சொல்லிவிடுகிறேன். இருவழி மீட்டர் வந்து சேர இரண்டரை மாதம் ஆனது. கோடையில் கரிசல் புழுதி தகட்டில் மாவு பூசினதுபோலப் படியும், பத்து நாளைக்கு ஒருமுறை அதிகாலையில் ஈரத்துணியோடு ஏற வேண்டும். நான் பார்த்தது ஒரு வருடம்தான். இருபதாவது வருடத்தில் இது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

கூரைக்கு இன்னொரு தடையும் உண்டு, அது அரசியலிலிருந்து வந்தது. 2016-இல் ஜெயலலிதா மறுபடி முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எளிய வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடு 100, 150 யூனிட்டுக்குள் முடிகிறது. அவர்கள் எதற்காகக் கைக்காசு போட்டுத் தகடு மாட்டப் போகிறார்கள்? கூரைச் சூரியசக்தி பரவ வேண்டுமானால், பில் குறையும் என்கிற ஆசையை மட்டும் நம்பினால் நடக்காது. பள்ளி, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இவற்றின் கூரைகளை அரசே எடுத்துச் செய்ய வேண்டும். அவையும் பொது இடம்தானே.

இனி மேய்க்கால். இதன் பெரிய பலம் அளவு. கமுதியில் 2016-இல் வந்த நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். அதாவது ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர். அந்தக் கணக்கில் எங்கள் 80 ஏக்கரில் 20 மெகாவாட் வரும். எங்கள் ஊரில் தளம் போட்ட வீடு 150 தேறும். அத்தனையிலும் 3 கிலோவாட் போட்டாலும் அரை மெகாவாட்டைத் தொடாது. இதை மறைத்துவிட்டுக் கூரைக்கு வக்காலத்து வாங்குவது நேர்மை ஆகாது. ஆலைக்கும் நகரத்துக்கும் கூரை மட்டும் போதாது. பெரிய நிலையங்கள் எங்காவது வரத்தான் வேண்டும். அந்த "எங்காவது" ஏன் எப்போதும் மேய்க்காலாகவே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

காரணம் எளிது. பட்டா நிலத்தில் முப்பது பேரிடம் பேச வேண்டும், வாரிசுச் சண்டை இருக்கும், விலை ஏறும். புறம்போக்கில் ஒரே கோப்புதான். கிராமக் கணக்கில் "மேய்க்கால்" என்று இருக்கும் இடத்தைத் தரிசு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கிராம சபையிலும் "சும்மா கிடக்கிற இடம்" என்றார்கள்.

சும்மா கிடக்கவில்லை. எங்கள் சித்தப்பாவிடம் 70 வேம்பூர் ஆடு இருக்கிறது. அறுப்பு முடிந்து மாசி, பங்குனி வந்தால் அவருக்குக் கவலை இல்லை. உளுந்து எடுத்த காட்டிலும் மல்லி எடுத்த காட்டிலும் ஆடு தாராளமாக மேயும். எருவுக்காக ராத்திரிக் கிடை போடச் சொல்லி நிலத்துக்காரர்களே கூப்பிட்டுக் காசும் கொடுப்பார்கள். சிக்கல் புரட்டாசியிலிருந்து தை வரைக்கும்தான். மானாவாரி ஊரில் அப்போது ஒரு காடு விடாமல் வெள்ளாமை நிற்கும். ஆட்டை எங்கே கொண்டுபோவது? அந்த நாலைந்து மாதம் வடக்கு மேய்க்கால்தான் கதி. மழையில் அங்கே கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். கோடையில் பார்வையிட வருகிறவர்கள் கண்ணுக்கு அது வெடித்துக் கிடக்கும் கரிசலும் வேலிக்கருவையும்தான். எங்கள் ஊருக்கும் சித்திரையில்தான் வந்து அளந்தார்கள். சித்தப்பா சபையில் பேசியது ஒரே வரி: "எய்யா, ஆடு என்ன பட்டா வாங்கிட்டா மேயுது?"

அந்த ஒரு வரியில்தான் என் முடிவு நிற்கிறது. கூரைக்கும் மேய்க்காலுக்கும் உள்ள ஒப்பீட்டில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், இடம் திரும்பி வருமா என்பது. என் கூரைத் தகடு சரிப்படவில்லை என்றால் ஒரு பகலில் கழற்றிவிடலாம், மாடி என் மாடியாகவே இருக்கும். பட்டா நிலத்தை 25 வருடக் குத்தகைக்கு விட்டாலும் பட்டாவில் பெயர் இருக்கிறது, குத்தகை முடிந்த மறுநாள் பேரன் போய்க் கேட்கலாம். மேய்க்காலை யார் போய்க் கேட்பது? அதற்கு வாரிசு கிடையாது. அங்கே ஆடு மேய்ந்தது என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி, ஆடு மேய்ந்துகொண்டிருப்பதுதான். கம்பிவேலி போட்டு இரண்டு மழைக்காலம் போனால் ஆட்டுக்காரர்கள் மந்தையை விற்றுவிடுவார்கள். 25 வருடம் கழித்து "இது எங்கள் மேய்ச்சல் நிலம்" என்று சொல்ல ஒரு மேய்ப்பன் மிஞ்சியிருக்க மாட்டான். மேய்க்கால் என்ற வகைப்பாட்டை அதற்கு முன்பே மாற்றியும் இருப்பார்கள். மாற்றின வகைப்பாட்டைப் பழையபடி ஆக்கித் தாருங்கள் என்று மனுக் கொடுக்க, பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் வேண்டுமே!

மாற்று நிலம் தருகிறோம் என்றார்கள். பார்த்தேன், ஆறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர் எல்லையில் இருக்கிறது. குட்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டு மாலைக்குள் திரும்ப முடியாது. வரைபடத்தில் ஓர் ஓடையும் வேலிக்குள் வந்தது. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற மூன்று ஓடைகளில் அது ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, வண்டிப்பேட்டை, தோப்புப் புறம்போக்கு எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. ஆனால் மாவட்ட ஆட்சியர், ஊராட்சியைக் கலந்தாலோசித்து, அதிலிருந்து விலக்கு அளிக்கலாம். கலந்தாலோசித்தால் போதும், சம்மதம் வாங்கத் தேவையில்லை. இதிலும் ஒரு கொடுமை பாருங்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. அப்படியானால் கலந்தாலோசிப்பது யாரோடு? ஓர் அதிகாரி இன்னொரு அதிகாரியோடு. ஊர் வாய் திறக்க இருக்கிற இடம் கிராம சபை மட்டும்தான். பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்குத் திருப்பித் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதைக் கிராம சபையில் படித்துக் காட்டினேன். சிலர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

கட்சிகள் எங்கே நிற்கின்றன? பூமிக்கு அடியில் தோண்டும் திட்டம் என்றால் தமிழ்நாட்டில் எல்லாரும் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரான நெடுவாசல் போராட்டம், 2020-இல் அதிமுக ஆட்சி கொண்டுவந்த டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், 2023-இல் டெல்டா நிலக்கரி ஏலத்துக்கு திமுகவும் பாஜகவும் சேர்ந்தே தெரிவித்த எதிர்ப்பு, 2024 டிசம்பரில் அரிட்டாபட்டி டங்ஸ்டனுக்கு எதிரான சட்டமன்றத் தீர்மானம், அடுத்த மாதமே ஏலம் ரத்து. பூமிக்கு மேலே விரிக்கும் திட்டம் என்றால் அந்தக் குரல்கள் கேட்பதில்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியது, எதிர்ப்பு வந்து பத்தே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதே நாளில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்குள் ஓடை, நீர்நிலை வந்தாலும் வழி செய்கிற சட்டம், விவசாயச் சங்கங்கள் எதிர்த்தும் திரும்பப் பெறப்படவில்லை. வேலை நேரத்துக்குக் கேட்பதற்குத் தொழிற்சங்கம் இருந்தது, மேய்க்காலுக்கு ஆட்டுக்காரரைத் தவிர யாரும் இல்லை.

நடுவில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கர்நாடகத்தில் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் நிலையம் வந்தது. நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. நிலம் இருந்தவருக்கு இது நல்ல ஏற்பாடு. நிலமில்லாத கூலிக்கும் ஆட்டுக்காரருக்கும் இதில் வாடகை கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் பெரிய நிலையம் வந்தே ஆக வேண்டும் என்றால், மேய்க்காலைவிட இதையே தேர்ந்தெடுப்பேன். எங்கள் பக்கத்தில் வருடக்கணக்கில் உழாமல் கருவை மண்டிய பட்டாக் காடு நிறையவே இருக்கிறது. காற்றாலையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். தூணுக்கும் பாதைக்கும் போக, மிச்ச நிலத்தில் ஆடு மேய வழி இருக்கிறது. ஆனால் பாதை போடுகிற சாக்கில் ஓடையை மேடாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலைவாய்ப்பு பற்றி அழுத்திச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. நிலையம் கட்டும்போது நிறையப் பேருக்கு வேலை இருக்கும், கட்டி முடிந்தபின் காவலுக்கும் தகடு துடைக்கவும் சிலர் போதும் என்று அப்படி வேலை பார்த்த பையன்கள் சொன்னார்கள். கமுதியில் தகடு துடைப்பதற்கே இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

கிராம சபையில் தீர்மானம் அன்று நிறைவேறவில்லை, ஒத்திவைத்தார்கள். அதனால் இந்த முறை வாக்குக் கேட்டு வந்த மூன்று பேரிடமும் இரண்டு கேள்வி கேட்டேன். ஊராட்சிகள் சட்டத்தில் "கலந்தாலோசித்து" என்பதைக் "கிராம சபையின் ஒப்புதலோடு" என்று திருத்தச் சட்டமன்றத்தில் பேசுவீர்களா? தொகுதியில் உள்ள அரசுக் கட்டடக் கூரைகளை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வீர்களா? இரண்டாவதுக்கு மூவரும் தயங்காமல் சரி என்றார்கள். முதலாவதுக்கு ஒருவர் மட்டும் கேள்வியை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். எழுதிக் கொடுத்த தாளில் புல எண்ணையும் சேர்த்தே எழுதினேன்.