நானோ மூலிகை மருந்து, குழந்தை உறுதி என்று சொல்லி 46,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

கும்பகோணம், பாபநாசம் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். என் தங்கைக்குக் குழந்தை இல்லை. அந்தக் கவலையைக் காட்டியே 46,000 ரூபாய் வாங்கியவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. மூலிகை அழகு நிலையமும் கருத்தரிப்பு ஆலோசனையும் சேர்ந்த ஒரு மையம். புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே போடவில்லை.

திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையைத் தரிசித்து, நெய் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அங்கே போனோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், தங்கை கையில் பிரசாதத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்பாள்தாம்மா உன்னை இங்க அனுப்பியிருக்கா. இனிமே கவலையை எங்கிட்ட விட்டுடு" என்று கையைப் பிடித்தார். தங்கை அங்கேயே அழுதுவிட்டாள். விசேஷ வீடுகளில் ஆளாளுக்குக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனவள் அவள். இப்படி ஒருத்தர் பேசினால் நம்பத்தானே செய்வாள்?

அப்புறம் அந்த லேசர் வித்தை. மருந்து நானோ, அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்துகளாக இருக்கிறது என்று காட்டத்தான் அது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மஞ்சளாக ஒரு சொட்டு விட்டு, பேனா லேசரை அடித்தார். தண்ணீருக்குள் ஒளி கோடாகத் தெரிந்தது. "இதுதான் நானோ. சாதா மருந்துல இந்தக் கோடு வராது. இது நேரா கர்ப்பப்பைக்கே போகும்." பச்சைப் பொய்! தண்ணீரில் ரெண்டு சொட்டுப் பால் விட்டு அடித்தாலும் அதே கோடு வரும். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது, டிண்டால் விளைவு என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது.

நானோ என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, சாப்பிட்டாலும் உடம்பில் கொஞ்சம்தான் சேரும். அதனால் நுண்ணிய கொழுப்பு உறைக்குள் வைத்து அதைச் செலுத்த உண்மையிலேயே ஆராய்ச்சி நடக்கிறது. சன்ஸ்கிரீன்களில் நானோ அளவு துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். இப்படி நிஜமான ஒரு விஷயத்தின் பெயரை எடுத்து ஏமாற்றியதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கோ அமுக்கராவோ, எதை நானோவாக்கினாலும் குழந்தைக்கு உத்தரவாதம் தரும் மாத்திரை எங்கேயும் கிடையாது.

கேப்ஸ்யூலுக்கு 34,000, கிரீமுக்கும் சீரத்துக்கும் 12,000. "முகம் தெளிஞ்சா உள்ள ஹார்மோனும் தெளிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார். மொத்தம் 46,000 ரூபாய், குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணம். கடைப் பெயரில் இல்லாமல் தனி ஆள் நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். எல்லாவற்றையும்விட அநியாயம், அவள் வழக்கமாகப் போடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னது.

முகம் முதலில் பளிச்சென்று ஆனது. கிரீம் தீர்ந்ததும் சிவந்து எரிய ஆரம்பித்தது. தஞ்சாவூரில் காட்டினோம், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று தோல் மருத்துவர் சந்தேகப்படுகிறார். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் எகிறிக் கிடக்கிறது, தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற ஹார்மோன் அது. தைராய்டு சுரப்பு குறைந்தால் கரு தங்குவதே கஷ்டம். குழந்தைக்கென்று காசு வாங்கிவிட்டு அதற்கே குழி பறித்திருக்கிறார்கள்.

போன் செய்தால், "கழிவு வெளியேறுது மேடம், நல்லதுதான்" என்றார்கள். அப்புறம் "டாக்டர் கேம்ப் போயிருக்காங்க." நேரில் போனால், "இது பிராஞ்ச்தாங்க, சென்னையில பேசுங்க." சென்னை நம்பரில், "பிரிச்ச பாக்கெட்டுக்குப் பணம் தர மாட்டோம்." அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் தங்கையைப் பார்த்து, "உனக்கு நம்பிக்கை பத்தலைம்மா" என்றார். 46,000 ரூபாயை வாங்கிக்கொண்டு சொல்கிற வார்த்தையா இது?

என்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி பாருங்கள். எங்கள் டப்பாவில் மூன்றும் இல்லை. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். மலட்டுத்தன்மையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். நுகர்வோர் உதவி எண் 1915.

அதே இடத்தில் பணம் கட்டியவர்கள் இருந்தால் மெசேஜ் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம், சேர்ந்தே போகலாம்.