கொழும்பு வெள்ளவத்தையில் பெண்களுக்கான முழுப் பரிசோதனை: ஐந்துக்கு மூன்று

மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கென்று அந்தத் தனியார் மருத்துவமனை விற்கும் பரிசோதனைப் பொதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விலை 20,000 ரூபாயைத் தாண்டியது.

இரத்தம் எடுத்த பிள்ளைக்கு முழுப் புள்ளி. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார்; வெறும் வயிற்றோடு நின்றவளுக்குப் பிளேன்டீ எங்கே கிடைக்கும் என்றும் காட்டினார். ஸ்கான், ஈசீஜீ, மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மமோகிராம் எல்லாம் ஒரே மாடியில், மத்தியானத்துக்குள் முடிந்தன. நோர்வேயில் நான் ஏங்கியது இந்த வேகத்துக்குத்தான். அகதியாகப் போய் இறங்கிய காலத்தில், வயிற்றுவலி என்று குடும்ப வைத்தியரிடம் போனால், பரசெட் என்ற பரசிட்டமோல் குளிசை போட்டு இரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கள் என்பார். ஊசியும் இல்லை, மருந்துப் பையும் இல்லை. வைத்தியம் தெரியாத நாட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று தமிழ்ப் பெண்கள் கூடுமிடமெல்லாம் புலம்புவோம். பிள்ளை பெற்ற மறுநாள் தாதி பாணும் குளிர்ந்த பாலும் தந்து, எழும்பிக் குளித்துவிட்டு நடக்கச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு ஊரில் வைத்துக் கொடுக்கும் சரக்குக் கறிக்குக் காத்திருந்தவள் நான்!

அதே நாடுதான், ஒரு வருத்தமும் இல்லாதவளுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியது. பிறகு, 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மமோகிராமுக்கும் அழைப்பு வரும். கடிதத்தைக் கண்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தபோது, மொழிபெயர்ப்பாளரை அவர்களே தங்கள் செலவில் ஒழுங்கு செய்திருந்தார்கள். அதுவரை எனக்காகப் பேசிவந்த கணவர் வெளியே இருந்தார். என்ன செய்யப் போகிறோம், ஏன் என்று சொல்லி, கேள்வி இருக்கிறதா என்றும் கேட்டார்கள். கேட்கப் பழகிக்கொண்டேன்.

வெள்ளவத்தையில் அந்தப் பழக்கம் எடுபடவில்லை. வைத்தியருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் மட்டும். அரைகுறைத் தமிழில் தாதி மொழிபெயர்த்தார், அதுவும் திரைக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கும் என் மாதவிடாய் நின்ற வருடம் தெரியவரும் அளவுக்கு உரத்த குரலில். அறிக்கை முழுவதும் ஆங்கிலம். நட்சத்திரக் குறி போட்டிருந்த ஓர் எண்ணைக் காட்டி விளக்கம் கேட்டேன். "கூட மகனோ மகளோ வரவில்லையா?" என்று திருப்பிக் கேட்டார் வைத்தியர். காசு கட்டும்போது ஒருவரும் மகனைத் தேடவில்லை.

என் பெறாமகளுக்கு 35 வயது. அவள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனாள். 1996இல் அரசாங்கம் தொடங்கிய சேவை. முப்பத்தைந்து வயதுக்காரிகளையே முதலில் தேடுகிறார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. வாங்கில் காலை முழுவதும் காத்திருந்தாள், கருப்பைக் கழுத்துக்கான பாப் பரிசோதனை முடிவும் சுணங்கித்தான் வந்தது. ஆனால் மார்பகத்தைத் தானே எப்படித் தடவிப் பார்ப்பது என்று மருத்துவமாது தமிழிலேயே சொல்லி, செய்து காட்டியிருக்கிறார். இரத்த அழுத்தமும் சீனியும் அங்கேயே பார்த்தார்கள்.

ஆகவே, அவசரமில்லாதவர்கள் முதலில் அங்கே போங்கள். மமோகிராம் மட்டும் தேவையென்றால் இந்தத் தனியார் இடத்தில் அதைத் தனியாகவும் பதியலாம். கவுண்டரில் நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.