61 கிராம் மவுஸும் மங்கலான விண்மீன் கூட்டங்களும்: இரண்டு வருட அனுபவம்

திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓடும் கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் வீடு. மவுஸ் வாங்கும்போது இதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

எனக்கு கேம் ஆடும் பழக்கம் இல்லை. ராத்திரி சாப்பிட்டதும், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவில் விண்மீன் கூட்டங்களைத் தேடுவேன். 2022 ஜூனில் வந்த மூன்றாம் தொகுப்பில் சுமார் 180 கோடி விண்மீன்கள். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வானத்தில் ஒரு துண்டை எடுத்து, ஒவ்வொரு விண்மீனும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று டாப்கேட் மென்பொருளில் புள்ளி வைத்தால், திரை முழுக்க அரிசி இறைத்தது போல இருக்கும். அதில் எறும்பு மொய்த்தது போல ஒரு திட்டு தெரிந்தால், அவை சேர்ந்தே நகர்கிற விண்மீன்கள். மவுஸை அழுத்தியபடி அதைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். அப்புறம் அவற்றின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைந்து பார்ப்பேன். ஒன்றாகப் பிறந்தவை என்றால் புள்ளிகள் ஒரே வளைகோட்டில் வந்து உட்காரும். சிதறினால் அது கூட்டம் இல்லை.

பழகுவதற்குக் கார்த்திகைக் கூட்டம் போதும். சுமார் 440 ஒளியாண்டுதான் என்பதால் திட்டு தனியாக ஒதுங்கி நிற்கும். தூரம் கூடக்கூட நகர்வு சிறுத்து, திட்டு மற்ற விண்மீன்களோடு கலந்துவிடும். அங்கேதான் கை நடுங்கக் கூடாது. ராத்திரிக்கு நாற்பது ஐம்பது வட்டம் போடுவேன். பழைய ஆபீஸ் மவுஸ் 110 கிராம். மூன்றே மாதத்தில் மணிக்கட்டு வலி வந்துவிட்டது.

முதலில் வாங்கியது, எடை குறைய தேன்கூடு போல ஓட்டை போட்ட கேமிங் மவுஸ். கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆறாவது வாரம் கர்சர் தானாகத் துள்ள ஆரம்பித்தது. சர்வீஸ் கடைத் தம்பி கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். "உள்ள பூரா பஞ்சுங்ண்ணா." சென்சார் துளையின் குறுக்கே வெள்ளையாக ஒரு நூலிழை படுத்திருந்தது. ஊதினால் போய்விடும், நாலு நாளில் வேறொன்று வந்துவிடும். பஞ்சு பறக்கிற ஊரில் ஓட்டை மவுஸ் வேண்டாம்.

அடுத்து வாங்கியதுதான் இப்போதும் கையில் இருக்கிறது. மூடிய மேல்பாகம், வயர்லெஸ், 61 கிராம். மணிக்கட்டு வலி ஒரு மாதத்தில் போனது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் டிபிஐ எண்ணைப் (கையை நகர்த்தினால் கர்சர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதன் அளவு) பார்த்து மயங்க வேண்டாம். நான் 800-இல்தான் வைத்திருக்கிறேன், வட்டம் போட அதுதான் நிதானம். வாரம் ஒரு தடவை சார்ஜ். பதினாலாவது மாதம் இடது பட்டனின் ஸ்விட்ச் கெட்டது. அழுத்திக்கொண்டே இருந்தாலும் பாதி வட்டத்தில் கோடு அறுந்துவிடும். அதே தம்பி ஸ்விட்சை மாற்றிக் கொடுத்தார், அதன்பின் பிரச்சினை இல்லை.

மறக்க முடியாதது கையா 1 கூட்டம். சிரியஸ் விண்மீனின் கண்கூசும் ஒளியில் மறைந்து கிடந்து, 2017-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை நானே வட்டமிட்டு, புள்ளிகள் கோட்டில் வந்து உட்கார்ந்தபோது மணி இரண்டு. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கவே தோன்றவில்லை.

இதுவரை நான் பிடித்த எல்லாமே 2023-இல் ஹன்ட், ரெஃபர்ட் என்ற வானியலாளர்கள் இருவரும் வெளியிட்ட 7,167 கூட்டங்களின் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவை. கையாவின் நான்காம் தொகுப்பு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்காக இன்னொரு ஜோடி ஸ்விட்ச் வாங்கி வைத்திருக்கிறேன்.