ராப் பாட்டை எங்கே விடுவது: யூடியூப் சேனலிலா, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகவா?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து ராப் எழுதும் பசங்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டு ஆப்களில் ஏற்றித் தரும் நிறுவனம்.

செலவு: யூடியூபில் ஏற்றக் காசில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பலர் வருடக் கட்டணம் கேட்பார்கள்; சிலரிடம் கட்டாமல் விட்டால் பாட்டையே ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

வருமானம்: யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை. மூன்று நிமிடப் பாட்டை 80,000 தடவை முழுசாகப் பார்க்க வேண்டும், லேசில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை ஓடினால்தான் பைசா.

வேலை: யூடியூபுக்கு வீடியோ வேண்டும், பாட்டு வரி ஓடினாலும் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேவ் (WAV) ஆடியோ ஃபைல், 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்க 7 நாளாவது வேண்டும்.

இரண்டிலும் சிக்கவைப்பது பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை. ‘ஃப்ரீ பீட்’ பெரும்பாலும் காசு பார்க்காத பாட்டுக்குத்தான். பலருக்கும் வாடகைக்கு விடும் பீட்டை எடுத்து, கன்டென்ட் ஐடியில் (ஒரே இசை வேறு வீடியோவில் வந்தால் கண்டுபிடிக்கும் யூடியூப் முறை) சேர்த்தால், அதே பீட்டை எடுத்த இன்னொருவர் பாட்டுக்கு உரிமை கோரும் கிளைம் விழும், சண்டை நிச்சயம். லைசென்ஸ் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் பாட்டு, முகம் தெரியணும் என்றால் யூடியூப். மலையாள ராப்பர் வேடன் 2020-ல் அங்கே தொடங்கித்தான் சினிமாவுக்குப் போனார். நாலைந்து பாட்டு கைவசம், பீட்டும் சொந்தம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர்.