கிம்பர்லைட் தேட மண்ணைச் சலிப்பதா, விமானம் விடுவதா?

வைரம் தேடிப் போகிறவர்கள் முதலில் வைரத்தைத் தேடுவதில்லை. பல நல்ல சுரங்கங்களிலேயே ஒரு டன் பாறைக்கு ஓரிரு காரட்தான் கிடைக்கும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். அதைக் கைப்பிடி மண்ணில் தேடுவது வீண் வேலை. அதனால் பூமியின் ஆழத்திலிருந்து வைரத்தைச் சுமந்து வரும் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையைத் தேடுகிறார்கள். இது பெரும்பாலும் செங்குத்தான குழாய் வடிவில் இருக்கும். இதற்கு இரண்டு வழிகள்: மண்ணைச் சலிப்பது, விமானத்தில் பறந்து நிலத்தின் காந்தத்தன்மையை அளப்பது.

முதலாவது, மண் சலிப்பது. கிம்பர்லைட்டில் பைரோப் என்ற சிவப்புக் கார்னெட், இல்மனைட், குரோம் டையாப்சைடு போன்ற கனிமங்கள் வைரத்தைவிடப் பல மடங்கு அதிகம். பாறை சிதையும்போது இவை ஓடையிலும் மண்ணிலும் பரவும். 1954இல் சைபீரியாவின் யாகூட்டியாவில் புவியியலாளர் லாரிசா போபுகாயேவா இந்தச் சிவப்புக் கார்னெட் மணிகளைப் பின்தொடர்ந்துதான் சார்னிட்சா குழாயைக் கண்டுபிடித்தார். கனடாவில் புவியியலாளர்கள் சக் ஃபிப்கேயும் ஸ்டூவர்ட் புளூசனும் பனியாறு மேற்கே இழுத்துப்போன மணிகளை எதிர்த்திசையில் ஆண்டுக்கணக்கில் துரத்தினார்கள். 1991இல் லாக் டி கிரா பகுதியில் வைரம் கிடைத்தது. 1998இல் எகாட்டி சுரங்கம் திறந்தது.

மணிகளிடம் இன்னொரு திறமையும் உண்டு. குரோமியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள பைரோப் என்றால், வைரம் உருவாகும் ஆழத்திலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு. அதாவது, குழாயைப் பார்க்கும் முன்பே அதன் தரத்தை ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். விமானத்தால் இது முடியவே முடியாது.

விமானத்தின் பலம் வேகம்தான். கிம்பர்லைட்டில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் இருப்பதால் காந்த வரைபடத்தில் வட்டமான பொட்டுபோல் தெரியும். பனியாறு மென்மையான கிம்பர்லைட்டைச் சுரண்டிவிட்ட இடத்தில் ஏரி தேங்கியிருந்தால், அதன் அடியில் இருப்பதைக் காட்ட இதுவே வசதி. ஆனால் சுற்றியுள்ள பாறைக்கும் அதே காந்தத்தன்மை இருந்தால் குழாய் கண்ணில் படாது. வேறு எரிமலைப் பாறைகளும் அதே பொட்டைக் காட்டி ஏமாற்றும்.

சரி, மணல் மூடிய இடத்தில் விமானம்தானே வெல்லும்? எப்போதும் அப்படியில்லை. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி பாலைவனத்தில் கரையான்கள் ஆழத்திலிருந்து மண்ணைக் கொண்டுவரும்போது கார்னெட், இல்மனைட் துணுக்குகளும் கூடவே வருகின்றன. விமானத்துக்குப் போட்டி கரையான்!

மண் வழியின் குறை மெதுவாக நகர்வதுதான். சலித்து, பொறுக்கி, ஆய்வகத்தில் வேதியியல் பார்த்து முடிக்க மாதங்கள் ஓடிவிடும். எல்லா இடத்திலும் அதே மணிகளை நம்பவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் வைரக் குழாய் கிம்பர்லைட்டே அல்ல, லாம்ப்ரோயிட் என்ற வேறொரு எரிமலைப் பாறை. 1979இல் ஸ்மோக் ஓடையில் கிடைத்த வைரங்களையே தொடர்ந்து போய்த்தான் அதைப் பிடித்தார்கள்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் மண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன். பொட்டு எத்தனை கிடைத்தாலும், உலகில் கண்டுபிடித்த கிம்பர்லைட்டுகளில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் லாபமான சுரங்கமாகிறது. மணிகள் நல்ல சேதி சொன்ன பகுதியின் மேல் மட்டும் விமானத்தை விட்டால் போதும். அப்புறம் துளையிடலாம்.